யார் காத்திருப்பது?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் துறை அதிகாரிகளுக்கும் ஜில்லா பரிஷத், மண்டல பரிஷத் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யாமார்களே, அம்மாமார்களே,



பஞ்சாயத்துராஜ் அலுவலகங்களில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். உங்களில் மூத்தவர்கள் சிலர் என் மேஜைக்கு எதிரே நின்று, “நம்ம பில்லு எங்கே நிக்குது?” என்று கேட்டிருப்பீர்கள். வேலையில் இருந்த வரைக்கும் தெலுங்கில்தான் நோட் எழுதினேன். இதைத் தமிழில் எழுதப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் நிறையப் பேர் காசை எண்ணுவது தமிழில். எனக்கும் கோபம் வந்தால் வாயில் தமிழ்தான் வருகிறது.

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. என் மேலும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சின்ன பஞ்சாயத்து, ஊர்ப்பெயர் வேண்டாம். போர் மோட்டார் எரிந்துவிட்டது. அன்றைக்கு அந்த ஊரில் உறவுக்காரர் வீட்டில் இருந்தேன். சர்ப்பஞ்ச் அம்மாவின் வீட்டுக்காரரும் பஞ்சாயத்து செக்ரட்டரியும் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார்கள். கணக்குத் தெரிந்த பெரியவர் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

காயில் கட்டும் கடை, பத்தடிக்கு எட்டடி இருக்கும். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் நெடி. மூலையில் தாமிரக் கம்பிச் சுருள்கள், சுவரில் சாமி காலண்டர். மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மோட்டாரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதே பஞ்சாயத்தின் பெயரில் இரண்டு பாக்கி. முதல் வேலை முடிந்து பதினாலு மாசம் ஆகியிருந்தது.

“கட்டித் தர மாட்டேன்னு சொல்லல சார். கம்பியைக் கடன்ல எடுத்திருக்கேன். அவனுக்கு நான் ஒரு தேதி சொல்லணும். நீங்க எனக்கு ஒரு தேதி சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சுன்னாலும் சரி. தேதி சொன்னா போதும்.”

செக்ரட்டரி போனைத் திறந்து காட்டினார். பில் நம்பர் இருந்தது, தொகை இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் பெண்டிங் என்று இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் சர்ப்பஞ்ச் அம்மாவின் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த பால் பணத்தை எடுத்துப் பழைய பாக்கியில் பாதியைக் கட்டினார். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் டேங்கர். டேங்கர்காரருக்கும் ஒரு பில் எழுதியிருப்பார்கள். அது எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும், பழக்க தோஷம், அந்தப் பஞ்சாயத்தின் பட்ஜெட்டை வாங்கிப் பார்த்தேன். குடிநீர் பராமரிப்புக்கு முந்தின வருஷத்தைவிடக் கூடுதலாகவே ஒதுக்கியிருந்தார்கள்.

கையில் காசு குறைந்தால் வீட்டில் செலவைக் குறைக்கிறோம். இந்தத் தீபாவளிக்குப் புடவை கிடையாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கும், அவ்வளவுதான். நம் அலுவலகங்களில் அப்படிச் சொல்கிற வழக்கமே இல்லை. ஒதுக்கீடு இருக்கும், நிர்வாக அனுமதி வரும், வேலை நடக்கும், எம்-புக்கில் அளவு ஏறும், பில் போகும். பணம் மட்டும் வராது. செலவைக் குறைக்கிறோம் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் குறைத்தாயிற்று. அந்தச் சுமையைத் தூக்கியவர் காயில் கடைக்காரர். அரசாங்கத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

பணமுடைக் காலத்தில் ஒரு மாவட்டத்தை நடத்துவது என்பது, யார் காத்திருப்பது என்று முடிவு செய்வதுதான். அந்த முடிவை நீங்கள் தினமும் எடுக்கிறீர்கள். எடுக்கவில்லை என்பதுபோல் இருந்துகொள்கிறீர்கள். என் புகார் இது ஒன்றுதான்.

2018 ஏப்ரலில், பில்லையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் சி.எஃப்.எம்.எஸ். வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன்னால் டோக்கனை வைத்துக்கொண்டு ட்ரெஷரி வாசலில் நிற்க வேண்டும். மார்ச் 31 ராத்திரி பதினோரு மணிக்கு ட்ரெஷரி வராண்டாவில் பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்திருந்த வருஷங்கள் உண்டு. நடுவில் திடீரென்று ஃப்ரீஸிங் என்பார்கள். சம்பளம் தவிர ஒன்றும் நகராது. டீக்காசு கொடுத்தால் சில பில் மட்டும் நகரும், அதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. க்யூ கண்ணுக்குத் தெரிந்தது. நமக்கு முன்னால் யார், நடுவில் புகுந்தவன் யார் என்று தெரியும், சண்டை போடலாம். கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட க்யூவில் யாரோடு சண்டை போடுவது? பில் மேலே போய்விட்டது என்பீர்கள். மேலே என்றால் அமராவதி. அதற்கு மேல் கேள்வி கிடையாது.

மேலே பணம் விடவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அதில் பாதி நியாயம். 2018 ஆகஸ்டில் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்து, 2021 பிப்ரவரி வரைக்கும் இந்த மாநிலத்தில் தேர்தலே நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த சபை இல்லாத ஊருக்கு மத்திய நிதிக்குழு மானியம் தடைபடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விதி. ஊருக்கு வர வேண்டிய பணம் அதனாலேயே நின்றது. (2021-ல் வந்த சர்ப்பஞ்ச்களின் ஐந்து வருஷம் 2026 வரைக்கும்தான். இன்னொரு முறை அந்த இடைவெளி விழுந்தால் அந்தச் செலவையும் ஊர்தான் கட்டும்.) 15-வது நிதிக்குழு, 2021-லிருந்து வந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்தது. எரிந்துபோன மோட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான பணம் ஏது? ஆனால் அதே 2021 நவம்பரில், பஞ்சாயத்துக் கணக்கில் இருந்த நிதிக்குழுப் பணத்தை மின்கட்டணப் பாக்கிக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சர்ப்பஞ்ச்கள் மாநிலம் முழுக்கத் தெருவில் இறங்கினார்கள். மின்கட்டணம் பாக்கி என்பது பொய் இல்லை. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் இழுத்த கரண்டுதான் அது. யார் முதலில், யார் பிறகு என்பதைச் சபையில் வைத்துப் பேசாமல் ராத்திரியோடு ராத்திரியாக முடிவு செய்ததுதான் தப்பு. மின்சாரக் கம்பெனி முதலில் வந்துவிட்டது, காயில் கடை பின்னால் போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 31. கொரோனா ஊரடங்கு. ஊழியர்களின் சம்பளத்திலும் பென்ஷனிலும் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கிறோம் என்று மாநில அரசு ஜி.ஓ. போட்டது. பெரும்பாலானவர்களுக்குப் பாதி. பெரிய பதவிக்காரர்களுக்கு அதிகப் பிடித்தம், கடைநிலை ஊழியர்களுக்குக் குறைவு. யார் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதிவைத்த அபூர்வமான உத்தரவு அது. எழுதிவைத்ததால்தான் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. பாக்கியை 12 சதவீத வட்டியோடு கொடு என்று தீர்ப்பு வந்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போக, உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் வட்டியை 6 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் வட்டி உண்டு என்றது. சம்பளத்தைத் தள்ளிவைத்தால் அரசாங்கமும் வட்டி கட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

காயில் கடைக்காரருக்கு எந்த ஜி.ஓ.வும் இல்லை. அவரைக் காத்திருக்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

தேதி சொல்வது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். முதியோர் பென்ஷனைப் பாருங்கள். 2024 ஜூலை 1 அன்று, உயர்த்திய 4,000 ரூபாயோடு முந்தின மூன்று மாத வித்தியாசத்தையும் சேர்த்து 7,000 ரூபாயை கிராம சச்சிவாலய ஊழியர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதே கஜானாதான். இதே கம்ப்யூட்டர்தான். ஒன்றாம் தேதி என்றால் பாட்டிகள் விடியற்காலையிலேயே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தேதி என்றால் என்ன என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். யாருக்குத் தேதி உண்டு, யாருக்கு இல்லை என்பதுதான் கேள்வி. பாட்டிக்கு ஓட்டு இருக்கிறது என்று சிலர் கேலி செய்வார்கள். காயில் கடைக்காரருக்கும் ஓட்டு இருக்கிறது. ஆனால் அவர் ஒருவர். பாட்டிகள் ஒரு கூட்டம்.

சர்ப்பஞ்ச்களும் ஒரு காலத்தில் கூட்டமாகத் தெரியவில்லை போலிருக்கிறது. சுதந்திர தினக் கொடியேற்றச் செலவுக்குச் சின்ன பஞ்சாயத்துக்கு 100 ரூபாய், பெரிய பஞ்சாயத்துக்கு 250 ரூபாய். முப்பத்து நாலு வருஷமாக இதுதான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கக்கூடக் காணாது. நானே எத்தனையோ வருஷம் அந்த நூறு ரூபாய்க்கு வவுச்சர் பாஸ் செய்திருக்கிறேன்; சிரிப்புக்கூட வந்ததில்லை, அவ்வளவு பழகிவிட்டது. 2024 ஆகஸ்டில் அதை 10,000, 25,000 என்று உயர்த்தினார்கள். உயர்த்தியது நல்லது. ஆனால் பணமுடைக் காலம் என்று நீங்கள் இன்று சொல்வது, கிராமத்துக்கு முப்பத்து நாலு வருஷமாக இருந்த காலம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

திருப்பதி அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 4-ல் மாவட்டம் பிரிந்தபோது உங்களுக்கு கலெக்டர் ஆபீஸ் கட்டடம்கூட இல்லை. திருச்சானூரில் பக்தர்கள் தங்குவதற்காகத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கட்டிய பத்மாவதி நிலையத்தில் குடியேறினீர்கள். அதற்கு வழக்கெல்லாம் நடந்தது. என்னைக் கேட்டால் சரியான வேலை. பணம் இல்லாத நேரத்தில் புதுக் கட்டடம் எழுப்பாமல் இருந்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் திருமலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்துங்கள். தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் 5,258 கோடி ரூபாய்க்கு மேல். அடிவாரத்தில் இருக்கும் மாநகராட்சிக்கு நாக்கில் நீர் ஊறுவது இயற்கை. ஸ்ரீநிவாச சேது மேம்பாலச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேவஸ்தானம் போட்டது. 2023 அக்டோபரில், பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை ஊர் வளர்ச்சிக்குக் கொடுப்பதாகத் தேவஸ்தான போர்டு தீர்மானம் போட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பி, மாநில அரசே அதற்குச் சம்மதிக்கவில்லை. நான் பக்தன், இந்த விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம்தான். உண்டியல் காசு பட்ஜெட் ஓட்டையை அடைக்கும் மண் இல்லை. அதே சமயம், நாளொன்றுக்கு அறுபது எழுபதாயிரம் பேர் வந்துபோகும் ஊரில் அவர்கள் விட்டுப்போகும் குப்பையை உள்ளூர்க்காரரின் வீட்டுவரியில் அள்ளுவதும் நியாயம் இல்லை. பங்கு கேட்காதீர்கள், பில் போடுங்கள். எத்தனை டன் குப்பை, எத்தனை லாரி, எத்தனை ஆள்கூலி என்று எடைபோட்டு மாதாமாதம் அனுப்புங்கள். சதவீதம் என்றால் சண்டை வரும். எடைச்சீட்டோடு போகும் பில்லை மறுப்பது கஷ்டம். சித்தூர்க்காரர்களுக்கு இந்த வழியும் கிடையாது. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் இருக்கிறார், அவருடைய உண்டியல் அவ்வளவு பெரிதில்லை.

ஜில்லா பரிஷத் உறுப்பினர்களே, உங்கள் நிலைமை இன்னும் விசித்திரம். நம் மாவட்டம் ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. 1911-ல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் துண்டு வெட்டி உண்டாக்கினார்கள். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. 2022-ல் மதனப்பள்ளிப் பக்கம் ஒரு மாவட்டத்துக்கும் திருப்பதிப் பக்கம் இன்னொன்றுக்கும் போயின. கலெக்டர்கள் மூன்று பேர் ஆனார்கள். ஜில்லா பரிஷத் மட்டும் பிரியாமல் பழைய சித்தூராகவே நின்றது. அப்போது நெல்லூரிலிருந்து திருப்பதியோடு சேர்ந்த கூடூர், சூளூர்ப்பேட்டைக்காரர்கள் அதன் பிறகும் நெல்லூர் பரிஷத்துக் கணக்கிலேயே இருந்தார்கள். ஒரு ரோடு பழுதென்றால் எந்தச் சபையில் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆகும். இந்தக் குழப்பத்தில் உங்களுக்கு ஒரு நல்லதும் உண்டு. மூன்று மாவட்டங்களில் சிதறிய பழைய சித்தூரின் பாக்கியை ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கக்கூடிய சபை உங்களுடையது ஒன்றுதான். பார்த்தீர்களா?

புதுசு தொடங்குவதில் இருக்கும் உற்சாகம் பழுது பார்ப்பதில் நமக்கு வருவதில்லை. குப்பம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் ராஜுப்பேட்டையில் ஒரு திறப்பு, 2025 ஆகஸ்டில் பரமசமுத்திரத்தில் கிருஷ்ணா நீருக்கு ஆரத்தி. ஒரே கால்வாய்க்கு இரண்டு முதல்வர்கள், இரண்டு விழா. நான் அரசியல் பேச வரவில்லை. தண்ணீர் வந்தது, சந்தோஷம். அந்தக் கால்வாயின் ஷட்டருக்கு கிரீஸ் போட அடுத்த வருஷம் யார் பணம் கொடுப்பது என்று எந்த விழாவிலும் யாரும் கேட்கவில்லை. கிரீஸ் டப்பாவுக்குத் திறப்பு விழா கிடையாது.

மாங்காய்க்காரர்களும் தேதியைத்தான் கேட்டார்கள். 2025-ல் கிளிமூக்கு மாங்காய் விலை விழுந்தபோது, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 என்று கணக்குச் சொன்னார்கள். மத்திய அரசும் 1.62 லட்சம் டன்னுக்குக் குவிண்டால் 1,490.73 ரூபாய் என்று விலை வைத்து, வித்தியாசத்தில் பாதியை ஏற்பதாகச் சொன்னது. பைசா வரைக்கும் துல்லியம். டிராக்டரோடு ஆலை வாசலில் ராத்திரி முழுக்க நின்றவர் ஒருவர் என்னிடம் கேட்டது, எவ்வளவு என்று இல்லை, எப்போது என்று.

இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது, 1988-ல் வந்தது. உள்ளாட்சியின் வரவுக்குள் செலவு அடங்காது என்று தெரிந்தால், அதன் தலைமை நிதி அதிகாரி 114-வது பிரிவின் கீழ் அதை எழுதி அறிவித்தே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் என்ற பெரிய நகரமே அப்படி அறிவித்தது. சட்டப்படி செய்தே தீர வேண்டிய சேவைகளைத் தவிர புதுச் செலவெல்லாம் நின்றது. அடுத்த வருஷம் வீட்டு வரி ஏறியது. ஜனங்கள் திட்டினார்கள். அவமானம்தான். ஆனாலும் எது நிற்கும், எது நடக்கும் என்று ஊருக்குத் தெரிந்தது. நம்மூரில் அப்படி ஓர் அறிவிப்பை எழுத எந்த அதிகாரிக்கும் கடமை இல்லை, தைரியமும் வராது. எழுதினால் மறுநாளே டிரான்ஸ்ஃபர்.

என் மேல் உள்ள கோபத்தைச் சொல்கிறேன் என்றேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு சின்ன காண்ட்ராக்டர் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். சின்னத் தொகை. பதினோரு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையில் ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது தயாராக வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் வந்த பெரிய பில்லுக்கு போன் வந்தது, அதை மேலே வைத்தேன். இவருடைய ஃபைலை அடியில் வைத்தது என் கைதான். யாரும் எழுதி உத்தரவு போடவில்லை. “எப்போ சார்?” என்பார். “அடுத்த வாரம்” என்பேன். எங்கள் அலுவலகத்தில் அடுத்த வாரம் என்பது தேதி இல்லை என்று அவருக்கும் தெரியும். பிறகு காண்ட்ராக்டை விட்டுவிட்டு பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சுவர் இன்னும் நன்றாக நிற்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும், சித்தூர் ஜில்லா பரிஷத் வாசலிலும், திருச்சானூர் கலெக்டர் ஆபீஸிலும், கொடுக்க வேண்டிய பாக்கியை எழுதி ஒட்டுங்கள். பெயர், தொகை, வேலை முடிந்த தேதி, பணம் தருவதாக நீங்கள் சொல்லும் தேதி. பழைய பாக்கி மேலே, புதுசு கீழே. குப்பை அள்ளுகிறவர்களின் கூலியும் குடிநீர் மோட்டார் பில்லும் மட்டும் வரிசை தாண்டிப் போகலாம், அதை யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள். பட்டியல் ஒரு அளவுக்குக் கீழே வரும் வரை புது அடிக்கல் வேண்டாம். சொன்ன தேதியில் பணம் வரவில்லை என்றால் அடித்துவிட்டுப் புதுத் தேதியை எழுதுங்கள். பழைய தேதியும் பக்கத்தில் தெரியட்டும். இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு பேப்பரும் கொஞ்சம் பசையும் போதும். அமராவதியின் அனுமதி வேண்டும் என்பீர்கள். பாக்கியை மறைத்து வைக்க யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?

ஜில்லா பரிஷத் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். கேட்டபின் தராவிட்டால் அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். எல்லை ஓரத்தில் ஒரு காயில் கடை இருக்கிறது. ஒட்டப்போகும் முதல் பட்டியலில் அந்தக் கடைக்காரர் பெயருக்கு எதிரே ஒரு தேதி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவன்,
நகரி.